நவம்பர் வரிசையில் காணாமல் போனவர்கள்

(முதியோர் கொடுமை ஒழிப்பு விழிப்புணர்வு நாளையொட்டி, ராஜபாளையத்தில் முன்னாள் படைவீரர்கள், அவர்களின் குடும்பத்தினர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை, வக்கீல் இல்லை. பல வருஷம் வங்கியில் பென்ஷன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்ததையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் 2010-இல் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன்னை முடித்துவிட வீட்டார் பேசுவதையும், தன் நிலத்தை யார் யார் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று அவர்கள் கணக்குப் போடுவதையும் காதால் கேட்டுவிட்டார். தப்பி ஓடி உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதற்குப் பிறகுதான், முதியவரை வீட்டாரே கொன்றுவிடுகிற தலைக்கூத்தல் என்ற சொல் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. நம் கிராமங்களில் அது புதுச் சொல் இல்லை. பிரியா கிருஷ்ணசுவாமி எடுத்த ‘பாரம்’ படம் அதைப் பற்றியதுதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது.

தலைக்கூத்தலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கிழவர் சம்பாதிக்கவில்லை, மருந்துச் செலவு ஏறுகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அவர் பாரம். இதே கணக்கை ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டில் போட்டுப் பாருங்கள், தலைகீழாக வரும். மகன் வேலை பார்த்த நூற்பாலையில் ஆட்குறைப்பு நடந்திருக்கும். அல்லது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குக் கடன் வாங்கியிருப்பான். அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற பணம் அப்பாவின் பென்ஷன் ஒன்றுதான். எண்பது வயது தாண்டினால் அடிப்படை ஓய்வூதியத்தோடு 20 சதவீதம் கூடுதலாக வரும், எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50, நூறு வயதில் முழுசாக இன்னொரு மடங்கு. வயதாக ஆக அவர் மதிப்பு ஏறுகிறது. அவர் உயிரோடு இருந்தாக வேண்டும். ஆனால் பணத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, வாசலுக்கு வரக் கூடாது, ராணுவ கேண்டீன் கார்டு எங்கே என்று கேட்கக் கூடாது. இது வேறு வகைக் கொடுமை. சாவு வீடாக ஆகாததால் ஊர் இதைக் கவனிப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆறு பேருக்கு ஒருவர், ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு கொடுமைக்கு ஆளாகிறார். அடி உதை மட்டும் இல்லை. பட்டினி போடுவது, மருந்து கொடுக்காமல் விடுவது, பணத்தைப் பறிப்பது, அவமானப்படுத்துவது, ஆட்களோடு பேசவிடாமல் அடைத்து வைப்பது எல்லாம் அதில் அடக்கம். நம் நாட்டில் 2017-18-இல் நடந்த பெரிய முதியோர் ஆய்வில், தன்னை மோசமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இந்தியக் குடும்பங்கள் அவ்வளவு நல்லவை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. கேள்வி கேட்க வந்தவர் முன்னால் மகனும் உட்கார்ந்திருந்தால் எந்தத் தகப்பன் உண்மையைச் சொல்வார்?

எங்கள் கிளைக்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவரை அடையாளம் தெரியும்படி வேறு எதுவும் சொல்லப் போவதில்லை. மாதாமாதம் தானே வந்து பாஸ்புக் போட்டுப் போகிறவர், ஒரு கட்டத்தில் மகனோடு வர ஆரம்பித்தார். எதைக் கேட்டாலும் மகன்தான் பதில் சொல்வான். “அப்பாவுக்குக் காது சரியாக் கேக்காது மேடம், நான் சொல்றேன்” என்பான். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வயதான அப்பா, பொறுப்பான பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

கண்டுபிடித்தவர் எங்கள் கிளையின் காவலாளி. வங்கிக் காவலாளிகள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்குத் தெரியும், இங்கேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பீர்கள். அவர் பட்டாளத்தில் நாயக்காக இருந்து வந்தவர். சுபேதார் உள்ளே நுழையும்போதெல்லாம் நிமிர்ந்து நின்று “ராம் ராம் சாப்” என்பார். ஒருநாள் என்னிடம் வந்து, “மேடம், சாப் ஷேவ் பண்ணல பாத்தீங்களா?” என்றார். நான் பார்க்கவில்லை. “ரிட்டயர் ஆகி இத்தனை வருஷத்துல ஒருநாள் கூட அந்த மூஞ்சில முடி பாத்ததில்ல மேடம். இந்த மாசம் ரெண்டு தடவையும் தாடியோட வந்திருக்காரு. காதுல மிஷின் இல்ல. பனியன் அழுக்கு. என்னமோ சரியில்ல.”

அடுத்த முறை வந்தபோது அந்தக் காவலாளி பக்கத்தில் போய் நின்று, மகன் முன்னாலேயே, சாதாரணமாக நலம் விசாரிக்கிற தொனியில் இந்தியில் கேட்டார்: “கானா டீக் மில்தா ஹை, சாப்?” சாப்பாடு சரியாகக் கிடைக்கிறதா என்று. பெரியவர் நிமிர்ந்தார். பக்கத்திலிருந்து கேட்டதால் மிஷின் இல்லாமலே காதில் விழுந்தது. “ஏக் டைம்” என்றார். மகனுக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. சாப்பாடு ஒரு வேளைதான் என்று அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்று தகப்பன் சொல்கிறார், அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும், கணக்குக்காரர் மட்டும் உள்ளே வரவேண்டும் என்று சொல்லி அவரை மேலாளர் அறைக்கு அழைத்துப் போனோம். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் மகனிடம். வங்கியிலிருந்து வருகிற குறுஞ்செய்தி மகன் போனுக்குப் போகிறது. கேண்டீன் கோட்டா மது பாட்டில்களை மகன் வாங்கி வெளியில் விற்கிறான். காது மிஷினுக்கு பேட்டரி வாங்கித் தரவில்லை. இத்தனையையும் ரிப்போர்ட் கொடுக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார். போலீசில் சொல்லலாமா என்று கேட்டதற்கு மட்டும் குரல் உடைந்தது. “எம் பையனை நானே ஸ்டேஷன்ல கொண்டு நிறுத்தணுமாம்மா? அதுக்குப் பட்டினி கெடந்துட்டுப் போறேன்.”

அவர் சம்மதிக்காத எதையும் நாங்கள் செய்யவில்லை. பழைய கார்டை முடக்கிப் புதுக் கார்டை அவர் கையில் கொடுத்தோம். பட்டன் போன் ஒன்று வாங்கி, கணக்கில் அந்த எண்ணைச் சேர்த்தோம். வீட்டுச் செலவுக்கென்று அவரே ஒரு தொகை சொன்னார். அது மாதாமாதம் தானாகவே மருமகள் கணக்குக்குப் போகும்படி நிலையான உத்தரவு எழுதி வாங்கினோம். மகனுக்கு இல்லை, சமைக்கிறவளுக்கு. அந்த யோசனையும் அவருடையதுதான். காவலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவார். மகன் திருந்தினான் என்று சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து ஒருவர் பார்க்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாடு மூன்று வேளை ஆனது.

இதில் சட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பென்ஷன் கணக்கை மனைவியோடு சேர்ந்து கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்து, அந்தப் பவரை வைத்து அவன் பென்ஷன் கணக்கை இயக்க முடியாது. ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கைப்பற்றிக்கொண்டால் இந்த விதியெல்லாம் வெறும் காகிதம். கார்டை வட்டிக்காரரிடம் அடகு வைக்கிற பழக்கமும் நம் பக்கம் உண்டு. 1871-ஆம் வருஷத்து ஓய்வூதியச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இனி வரப்போகிற பென்ஷனை ஒருவர் முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது என்கிறது. கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. வட்டிக்காரர் “ஐயாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு” என்று தாளை நீட்டினால், அந்தத் தாளுக்குப் பயப்படாதீர்கள்.

நவம்பர் மாதத்துக்கு வருகிறேன். நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

முன்பெல்லாம் நவம்பர் வந்தால் எங்கள் கிளை வாசலில் விடியற்காலையே வரிசை நிற்கும். உயிரோடு இருக்கிறோம் என்று ஆயுள் சான்று கொடுக்க வந்தவர்கள். கம்பு ஊன்றி, ஆட்டோவில், பேரன் தோளைப் பிடித்து, சிலர் பழைய பெரே தொப்பியோடு வருவார்கள். வேகாத வெயிலில் வயதானவர்களை நிற்க வைக்கிறோமே என்று வருத்தமாக இருக்கும். அது கஷ்டமான முறைதான். ஆனால் அந்த வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வருஷம் வந்தவர் இந்த வருஷம் வராவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் விசாரிப்பார். இளைத்துப் போனவரைப் பார்த்து, “என்ன ஹவில்தார், வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?” என்று யாராவது கேட்பார்கள். யாரும் திட்டம் போட்டு ஏற்படுத்தாத ரோல் கால் அது.

2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு ஆயுள் சான்று வந்தது, விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். 2021 நவம்பரில் முகத்தை வைத்தே சான்று கொடுக்கும் வசதி வந்தது. பாதுகாப்புத் துறைப் பென்ஷனும் வங்கியின் பென்ஷன் மையங்களிலிருந்து ஸ்பர்ஷ் முறைக்கு மாறி, நேராகக் கணக்கில் விழுகிறது. படுக்கையில் கிடக்கிறவருக்கு இது பெரிய வரப்பிரசாதம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போனைப் பிடிப்பது யார்? கட்டிலில் கிடக்கிறவரைத் தலையணையில் சாய்த்து வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, ஐந்து நிமிஷத்தில் மகன் வேலையை முடித்துவிடுகிறான். அவர் உயிரோடு இருக்கிறார் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி இருக்கிறார் என்று பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. ஒரு மனிதர் வருஷக்கணக்கில் வெளியார் கண்ணில் படாமலேயே பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

பழைய வரிசை திரும்ப வேண்டாம். அந்த ரோல் கால் வேண்டும். அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ஏன் நீங்கள்? டாக்டருக்கும் எனக்கும் தெரியாத அடையாளம் உங்களுக்குத் தெரியும். ஷேவ் பண்ணாத முகம் எனக்குச் சாதாரணம், அந்த நாயக்குக்கு அபாய மணி. பூட்ஸ் பாலிஷ் போடாமல் வாசலைத் தாண்டாத ஆள் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தால் நீங்கள் கவனிப்பீர்கள். மெடல்களைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்த சுவரில் ஆணி மட்டும் இருந்தால் கேட்பீர்கள். பீரங்கிப் படையில் இருந்தவருக்கு நிஜமாகவே காது போயிருக்கும், அவருக்கு மிஷின் எவ்வளவு அவசியம் என்றும் உங்களுக்குத் தெரியும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்-இன் பாலிகிளினிக்கில் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப்படுகிறது, ஆனால் சர்க்கரை குறையவே இல்லை என்றால், மாத்திரை அவர் வாய்க்குப் போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். 2003-இல் அந்தத் திட்டம் வந்தது உங்களுக்காக, உங்கள் கார்டில் வேறு யாரோ மருந்து வாங்குவதற்காக இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் கன்றிப்போன தழும்பு இருந்தாலே அடித்துவிட்டார்கள் என்று கிளம்பாதீர்கள். வயதானால் தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கட்டில் விளிம்பு இடித்தாலே கருநீலமாகும். மேற்கையின் உள்பக்கம் விரல் விரலாகப் பதிந்திருந்தால், எப்படி வந்தது என்று அவரும் வீட்டாரும் ஆளுக்கொரு கதை சொன்னால், அது வேறு.

கனடாவில் மார்க் யாஃபி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2008-இல் ஆறே கேள்விகளில் ஒரு சோதனை முறை வெளியிட்டார்கள். குடும்ப டாக்டர் இரண்டு நிமிஷத்தில் கேட்டுவிடலாம். குளிக்க, உடுத்த, பணம் எடுக்க யாரையாவது நம்பி இருக்கிறீர்களா? சாப்பாடு, மருந்து, கண்ணாடி, காது மிஷின் கிடைக்காமல் அல்லது ஆட்களைப் பார்க்க முடியாமல் யாராவது தடுத்தார்களா? கூனிக்குறுக வைக்கிற மாதிரியோ மிரட்டுகிற மாதிரியோ யாராவது பேசினார்களா? விருப்பமில்லாமல் கையெழுத்து வாங்கினார்களா, பணத்தைச் செலவழித்தார்களா? பயப்படும்படி நடந்தார்களா, தொட்டோ அடித்தோ துன்புறுத்தினார்களா? கடந்த ஒரு வருஷத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஆறாவது கேள்வி டாக்டர் தன்னையே கேட்டுக்கொள்வது: என் கண்ணை ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார், ஏன் இளைத்திருக்கிறார், உடை ஏன் இப்படி இருக்கிறது? மருத்துவர்களுக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஒரு பழைய சகாவுக்கும் இவை வழிகாட்டும். நிபந்தனை ஒன்றுதான். தனியாகக் கேட்க வேண்டும். வீட்டார் பக்கத்தில் நின்றால் இந்தியில் கேளுங்கள்.

பட்டாளத்துக்காரர் ஏன் வாய் திறப்பதில்லை என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். 1971-இல் இருபது வயதில் எல்லையில் நின்றவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் கஷ்டத்தைச் சொல்லிப் பழகியவர் இல்லை. உத்தரவு கொடுத்துப் பழகியவருக்கு, “எனக்குச் சோறு போட மாட்டேங்கிறான்” என்று சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்கிறது. 1987-இல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயது நெருங்குகிறது, பலருக்குத் தாண்டியும்விட்டது. தமிழ் பேசுகிற ஊரில் துப்பாக்கியோடு நின்றவர்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது இன்றைய பேச்சு இல்லை. ஆனால் அந்தப் படையில் போய் வந்தவர்கள், தாங்கள் எங்கே போய் வந்தோம் என்பதையே தெருவில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். முப்பது வயதிலேயே மௌனத்துக்குப் பழகிய மனிதர், எழுபதில் மருமகன் அடித்தான் என்றா சொல்லப் போகிறார்? அவர் வந்து புகார் கொடுக்கட்டும் என்று காத்திருக்கிற எந்த முறையும் இவர்கள் விஷயத்தில் பலிக்காது.

அம்மாக்கள் நிலைமை இன்னும் மோசம். கணவர் போனபின் வருகிற சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பலர் அதுவரை வங்கிக்குள் கால் வைத்தவர்கள் இல்லை. கைநாட்டு வைக்கிறவர்களும் உண்டு. நோயாளியோ முதியவரோ கைநாட்டு வைத்துப் பணம் எடுத்தால், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சுயேச்சையான சாட்சிகள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலர் என்பது விதி. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள். பணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு வங்கி அலுவலர் அந்த வீட்டுக்குள் வந்து அம்மாவை நேரில் பார்க்கிறாரே, அதற்காக.

இனி வீட்டார் பக்கம். இதைச் சொல்லாவிட்டால் என் பேச்சு பாதி உண்மையாகத்தான் இருக்கும். அப்பா வருஷத்தில் இரண்டு மாதம் லீவில் வந்து போனவர். பிள்ளைகளை வளர்த்தது அம்மா. திரும்பி வந்தபின் வீட்டையும் பேரக்ஸ் மாதிரி நடத்தினவர்கள் உண்டு. குடித்துவிட்டு பெல்ட்டைக் கழற்றினவர்களும் உண்டு. இங்கே தலை குனிகிறவர்களை நான் பார்க்கிறேன், உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. அந்தப் பழைய காயம் பிள்ளைகளிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் நாம் உள்ளே போக வேண்டும். மறதி நோய் வந்த கிழவர் இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சென்ட்ரி டியூட்டிக்குக் கிளம்புகிறார், தடுத்தால் அடிக்கிறார். பகலில் நூறு நாள் வேலைக்குப் போய்வந்த மருமகள் இராத்திரியில் அவருக்கு மூத்திரத் துணி மாற்றுகிறாள். அவள் ஒருநாள் கதவை வெளியே பூட்டிவிட்டுத் தூங்கினால் அதையும் பென்ஷன் திருடுகிற மகனையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டேன். இரண்டும் தவறு, ஆனால் மருந்து வேறு. அவளுக்குத் தேவை ஓய்வும் ஒத்தாசையும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் அதில் உண்டு. அந்தத் தன்னார்வலப் பெண்கள் தெருத்தெருவாகப் போகிறார்கள். எந்த வீட்டில் பெரியவரைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பேசிப் பார்த்தும் சரிவராத இடத்தில் சட்டம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது, தமிழ்நாட்டு விதிகள் 2009-இல். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்காரர்களுக்குத் தீர்ப்பாயம் சிவகாசிக் கோட்டத்தில் இருக்கிறது. வக்கீல் வைக்காமலே மனுக் கொடுக்கலாம். பெரியவர் தன் சார்பில் வேறொருவரையோ ஒரு அமைப்பையோ மனுக் கொடுக்கச் சொல்லலாம், அந்த அமைப்பு உங்கள் முன்னாள் படைவீரர் சங்கமாகவும் இருக்கலாம். யாரும் மனுவே கொடுக்காவிட்டாலும் தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். முதியவரைத் திட்டமிட்டுக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. இதெல்லாம் நல்ல சட்டம். ஆனால் எண்பது வயதுக்காரர் சிவகாசிக்கு ஒரு பஸ், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்காக விருதுநகருக்கு ஒரு பஸ் என்று அலைய முடியாது. மாதத்தில் ஒருநாளாவது விசாரணையை இந்த இரண்டு ஊர்களில் நடத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் நாம் எழுதிக் கேட்க வேண்டும்.

சொத்து விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறீர்கள். “வீட்டை எம் பேருக்கு எழுதிக் கொடுத்திருங்கப்பா, கடைசி வரைக்கும் நான் பாத்துக்கிறேன்” என்பான். தான செட்டில்மெண்ட் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே பகலில் வேலை முடிந்துவிடும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அவன் பராமரிக்காவிட்டால், 2007-ஆம் வருஷச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யலாம். சிக்கல் அந்த நிபந்தனையில்தான். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்தது என்று நிரூபித்தால்தான் ரத்து என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானத்தை ரத்து செய்து சொத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. அதே வருஷம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் எழுதிக் கொடுப்பதிலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. காற்று உங்கள் பக்கம் வீசுகிறது. இருந்தாலும் வழக்குக்குப் போகிற நிலைமையை ஏன் வரவழைக்க வேண்டும்? உயிலாக எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்று முடிவு செய்தால், உணவு, உறைவிடம், மருத்துவம் தர வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டில் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும் எழுதுங்கள். அப்படி எழுதக் கூடாது என்று மகன் முகத்தைச் சுளித்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சட்ட உதவிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்று படைவீரர் குடும்பங்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் வைக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அது முழுமையாக நடக்கும்படி பார்த்துக்கொள்வது சங்கங்களின் வேலை. அவசரத்துக்கு 14567, முதியோர் உதவி எண், கட்டணம் இல்லை.

பதினைந்து வருஷச் சேவை நிறையாமல் பென்ஷனே இல்லாமல் வந்த ஹவில்தார், அதற்குக் கீழ்ப்பட்டவர்கள், அவர்களின் விதவைகள் சிலரும் இந்தத் தாலுகாக்களில் இருப்பார்கள். அறுபத்தைந்து வயதானால் மத்திய படைவீரர் வாரியம் தருகிற வறுமை உதவித்தொகை 2025 நவம்பரிலிருந்து மாதம் 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது, அதற்கு முன் 4,000. பென்ஷன் இல்லாதவர் வீட்டில் தலைக்கூத்தல் கணக்கே போடப்படும். அவர்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

இரண்டு ஊர்ச் சங்கங்களிடமும் நான் கேட்பது இதுதான். எழுபது வயது தாண்டிய எல்லா முன்னாள் படைவீரர், எல்லா விதவை அம்மாக்கள் பெயரையும் ஊர்வாரியாக எழுதுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரங்கள், சேத்தூர், செட்டியார்பட்டி, சத்திரப்பட்டி, மம்சாபுரம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில். நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கிற அதே வாரத்தில், ஒவ்வொருவரையும் சங்கத்துக்காரர் இரண்டு பேர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். அம்மாக்களைப் பார்க்க அம்மாக்களே போக வேண்டும். பத்து நிமிஷமாவது தனியாகப் பேச வேண்டும். ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது, கேண்டீன் கார்டு யாரிடம், ஈசிஎச்எஸ் கார்டு யாரிடம், போன் யாரிடம் என்று நாலு கேள்வி. பார்க்கவே விடாத வீட்டைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் கிராம நிர்வாக அலுவலரோடு திரும்பப் போக வேண்டும். பெரியவர் வேண்டாம் என்று சொல்வதை அவர் அனுமதியில்லாமல் போலீசுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று பட்டால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதீர்கள்.

அமெரிக்காவில் தன் பணத்தைத் தானே நிர்வகிக்க முடியாத முன்னாள் வீரருக்கு, அவர்கள் அரசே ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவரிடம் கணக்குக் கேட்கிறது. அப்படியொரு ஏற்பாடு நம் பக்கம் வரும்வரை வீட்டுக்குப் போகிற அந்த இரண்டு பேர்தான் கணக்குக் கேட்கிறவர்கள்.

வாசலில் மேஜை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வீடுகளுக்குப் போக முன்வருகிறவர்கள் எந்த ஊருக்குப் போக முடியும் என்று எழுதி, போன் நம்பரோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தங்கள் வீட்டு விஷயமாகவே பேச வேண்டியவர்கள் யாராவது இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு நான் பின்னால் உள்ள சின்ன அறையில் சாயங்காலம் வரை இருக்கிறேன். ஒவ்வொருவராக வரலாம், கூட யாரையும் அழைத்து வர வேண்டாம்.